பாவாடை நாடாவுக்கு அடியில்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று பலர் விசாரித்திருக்கிறீர்கள். 'வெளியூரா?', 'உடம்பு சரியில்லையா?' என்றெல்லாம் அக்கறையான கேள்விகள். ஒருவர் மட்டும் 'சரக்கு தீர்ந்துவிட்டதா?' என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் நன்றி!

காரணம் ஒரு பூச்சி.

சிரிக்காதீர்கள். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு பூச்சி. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் என் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் என் அண்ணியைப் படுக்கவைத்து, மூச்சுத் திணறவைத்து, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசல் வரை கொண்டுபோய்விட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் ஊறுகிறது. பேனாவை வைத்துவிட்டு இரண்டு தடவை கழுத்தைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே பேப்பர் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆச்சா? சரி.

என் அண்ணன் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது, தலைக்கு டை அடிக்காமல் வெளியே கிளம்ப முடியாது... அண்ணிக்கு நான் இன்னமும் 'பாப்பா'தான். அவர் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது நான் இரட்டைச் சடைக்காரி. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அண்ணிக்கு ஒரு குணம் உண்டு. தன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார். அண்ணனுக்குத் தும்மல் வந்தால் எனக்கு போன் வரும். வயலில் கரண்ட் மோட்டார் மக்கர் பண்ணினால் போன் வரும். அவருக்கு என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான். "எனக்கென்ன பாப்பா, கல்லு மாதிரி இருக்கேன்."

அந்தக் கல் மாசி பிறந்த சமயத்தில் போனில், "கொஞ்சம் அசதியா இருக்கு பாப்பா" என்றது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. அண்ணி அகராதியில் அசதி என்றால் நம் கணக்கில் நூற்று மூன்று டிகிரி!

காய்ச்சலோடுதான் வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சம்பா அறுப்பு நேரம். அண்ணன் நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே காவல் கிடக்கிறார். அவருக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். இந்தச் சமயத்தில் காய்ச்சல் என்று படுக்க முடியுமா? மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கும். மறுபடி ஏறும். தலைவலி மண்டையைப் பிளக்கிறது, குனிந்தால் கண் இருட்டுகிறது, கை கால் எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. உள்ளூரில் ஒரு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டார்கள். டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்துவிட்டது. "இல்லைன்னு வந்துடுச்சும்மா!" என்று அண்ணன் எனக்குப் போனில் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். டெங்கு இல்லை என்றால் பயமில்லை என்று யார் எங்களுக்குச் சொன்னது? யாருமே சொல்லவில்லை. நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம்.

இதற்கு நடுவில் சித்தப்பா. எங்கள் அப்பாவின் தம்பி, பக்கத்து ஊர்தான். குடும்பத்தில் யாருக்கு என்ன ஆனாலும் காரணம் சொல்கிற உரிமை அவருக்கு உண்டு. "இது ஐயனார் வேலைப்பா. கோயிலுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்துதானே இப்படி? படையல்ல என்னமோ குறை வச்சுட்டோம்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். தை மாதம் நாங்கள் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தது உண்மை. உடனே மஞ்சள் துணியில் காசு முடிந்தாயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை.

நான்தான் சத்தம் போட்டு, கார் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுவரச் செய்தேன். காரிலிருந்து இறங்கிய அண்ணியைப் பார்த்ததும் பகீரென்றது. முகம் வீங்கியிருந்தது, கண் இரண்டும் சிவப்பு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உனக்குத்தான் சிரமம் பாப்பா" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

அட்மிஷன் போட்டார்கள். பெரிய டாக்டர் வந்தார். வயதானவர், பொறுமையானவர். நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, உடம்புல எங்கயாச்சும் புண்ணு, பூச்சிக்கடி, கறுப்பா பொருக்கு மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார்.

நானும் பக்கத்தில் நின்று, 'ஆமாம், இல்லை' என்று தலையாட்டினேன். அண்ணி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அண்ணனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பார்த்தோமா? ஆனால் எவ்வளவு திடமாகச் சொன்னோம் தெரியுமா... கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன்கூட அவ்வளவு திடமாகச் சொல்ல மாட்டான்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டுமில்லை. "பசி எடுக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டால் அண்ணன், "எங்கங்க... ரெண்டு இட்லிகூட இறங்கலை." "தலைவலி எப்படி இருக்கு?" "அப்படியேதான் இருக்குங்க." "மோஷன் போனாங்களா?" என்றால் அண்ணன் என்னைப் பார்ப்பார், நான் பதில் சொல்வேன். படுத்திருப்பவரைத் தவிர எல்லாரும் பேசினோம். டியூட்டி மாறி வந்த இன்னொரு டாக்டரும் அந்தப் புண் கேள்வியைக் கேட்டார். அதே பதில்தான் போனது. அண்ணனும் பாவம், பயத்தில் உளறுகிறார். மனைவிக்கு ஒன்று என்றால் அவருக்குக் கை கால் ஓடாது.

ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கின. ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். இருமல் சேர்ந்துகொண்டது. எந்த மருந்துக்கும் காய்ச்சல் மசியவில்லை.

நான் காரிடாரில் உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? படித்தவர்கள் எல்லாரும் செய்யும் அதே முட்டாள்தனம்தான். போனை எடுத்து 'காய்ச்சல், பூச்சிக்கடி' என்று தேடினேன். அதிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று... அரை மணி நேரத்தில் நான் மனுஷியாகவே இல்லை!

உங்களுக்குத் தெரியுமா? நம் முகத்தில், இமை முடியின் வேரில், மூக்கின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடும்பம் நடத்துகின்றன. உங்கள் முகத்திலும்தான். பவுடர் போட்ட முகம், ஃபேஷியல் பண்ணிய முகம் என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. பகலெல்லாம் முடியின் வேருக்குள் படுத்துக் கிடக்கும். நாம் தூங்கியதும் வெளியே வந்து, நம் கன்னத்தின் மேல் உலாத்திவிட்டு, அங்கேயே ஜோடி சேர்ந்துவிட்டு, விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடும். நமக்கு ஒரு தொந்தரவும் செய்யாதாம். செய்யாவிட்டால் என்ன? என் கன்னம் என்ன இவர்களுக்குக் கல்யாண மண்டபமா?

ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் போய் முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி வந்து படித்தேன். சோப்புக்கெல்லாம் அது போகாது என்று போட்டிருந்தது. மறுபடி போய்க் கழுவினேன்.

அப்போதுதான் அண்ணன் ஓடிவந்தார். "ஏம்மா... ஐ.சி.யூ.வுக்கு மாத்தணும்ங்கறாங்க. மூச்சு ரொம்ப வாங்குது. மெஷின் வைக்க வேண்டியிருக்கலாமாம்." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

உள்ளே போனோம். அண்ணிக்கு மூக்கில் ஆக்சிஜன். நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதற்கு முன் பார்க்க வந்தவர். சின்ன வயசு, குள்ளம், குரல் மட்டும் கணீர். பழைய ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு அண்ணியிடம் குனிந்து கேட்டார்.

"அம்மா, உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார் அண்ணன், பழக்கத்தில்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நான் உங்களைக் கேக்கலையே சார்."

"அவளால பேச முடியலைங்க. என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க."

"தலையாட்ட முடியும்ல? அது போதும். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அண்ணன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் வெளியே போனதும் டாக்டர் சரக்கென்று திரையை இழுத்துவிட்டார்.

காதுக்குப் பின்னால் பார்த்தார். அக்குள், மார்புக்குக் கீழே, எல்லா இடமும் நிதானமாகப் பார்த்தார். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காய்ச்சலில் வந்த தண்ணீர் இல்லை அது, கூச்சத்தில் வந்தது. எனக்கே எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

அண்ணி நைட்டிதான் போட்டிருந்தார். ஆனால் உள்ளே பாவாடை. எந்த நிலையிலும் பாவாடை கட்டாமல் இருக்க மாட்டார். டாக்டர், "நாடாவைக் கொஞ்சம் தளர்த்தணும்மா" என்றார்.

அவ்வளவுதான். அண்ணியின் கை வந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டது.

காலையில் அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். அந்தக் கை இப்போது நாடா முடிச்சைப் பிடித்த பிடியில் விரல் நுனி வெளுத்துவிட்டது.

"அங்க ஒண்ணுமில்ல... நாடாப் புண்ணு" என்றார், மூச்சுக்கு நடுவில்.

"பாக்கணும்மா."

"எல்லாருக்கும் இருக்கறதுதான்... பாப்பா, வேண்டாம்னு சொல்லு..."

நாடாப் புண் என்றால் ஆண் வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். சேலை கட்டுகிற பெண்களைக் கேளுங்கள். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்துவிடும். வியர்வையில் அரிக்கும், சில நாள் புண்ணாகும். மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு, முடிச்சை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொள்வோம். யாரிடமும் சொல்ல மாட்டோம். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் வந்தது. அண்ணி மேலா, என் மேலா, யார் மேல் என்று தெரியாத கோபம். உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இந்த அம்மாள் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே! அந்தக் கையைப் பிடித்து இழுத்து விடுவிக்கவும் மனசு வரவில்லை.

அப்புறம் நான் செய்ததை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன். துணிக்கடை டிரயல் ரூமில்கூடத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்த நான், திரைக்குள்ளே நின்று சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி, பாவாடை நாடாவைக் கீழே இறக்கி, என் இடுப்பைக் காட்டினேன்.

"இங்க பாருங்க அண்ணி. எனக்கும் இருக்கு."

கறுப்பு வளையம். என் வீட்டுக்காரர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

அண்ணி கண்ணைத் திறந்து பார்த்தார். டாக்டரும் பார்த்தார். "எங்கம்மாவுக்கும் இருக்கு. எனக்கு சுடிதார் நாடா, அதே கதைதான்" என்றார் டாக்டர், சாதாரணமாக.

அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். விரல்கள் மெதுவாகப் பிரிந்தன.

முடிச்சு இடது பக்கம் இருந்தது. வழக்கமாக வலது பக்கம் கட்டுகிறவர். அந்த வலது பக்கத்தில், பழைய கறுப்பு வளையத்துக்கு நடுவில், காய்ந்துபோன மஞ்சள் பூச்சு. டாக்டர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். மஞ்சள் போயிற்று. அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு வட்டம். கரியாகக் கறுத்த பொருக்கு, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு விளிம்பு. கறுப்புக்குள் கறுப்பு. சொன்னால் ஒழியக் கண்ணில் படாது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல... வலிச்சா சொல்லியிருப்பேனே..."

டாக்டர் திரையை விலக்கியபோது குரல் மாறியிருந்தது. நர்ஸிடம் மளமளவென்று மருந்துப் பெயர்களைச் சொன்னார். பிறகு அண்ணனிடம், "உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு சார். ஸ்க்ரப் டைஃபஸ். ரத்த டெஸ்ட் அனுப்புறோம், ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடறேன்" என்றார்.

"உண்ணியா?" அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க மாட்டை வித்து ரொம்ப நாளாச்சுங்களே!"

மாட்டின் காதில் இருக்கிற உண்ணி இல்லையாம் இது. அதன் தூரத்து உறவு. புதரிலும் புல்லிலும், எலி நடமாடுகிற இடத்திலும் இருக்குமாம். பெரிசானால் யாரையும் கடிக்காது. குஞ்சாக இருக்கும்போதுதான் கடிக்கும். புல் நுனியில் காத்திருந்து, பக்கத்தில் வருகிறவர்கள் மேல் தொற்றிக்கொள்ளும். ஏறி வந்து, துணி இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்து உட்காரும். எது அந்த இடம்? இடுப்பு நாடா, உள்ளாடையின் ஓரம், அக்குள்... சொல்லவும் முடியாத, காட்டவும் முடியாத இடங்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது பாருங்கள்!

அதோடு முடிந்ததா? அது ரத்தம் குடிக்காதாம். தன் எச்சிலை விட்டு நம் தோலைக் கரைக்குமாம். கரைத்து, இளநீருக்கு ஸ்ட்ரா போடுகிற மாதிரி ஒரு குழாய் போட்டு உறிஞ்சுமாம். நமக்குத் தெரியவே தெரியாது. வயிறு நிறைந்ததும் தானாக உதிர்ந்து போய்விடும். போகும்போது உள்ளே ஒரு கிருமியை விட்டுவிட்டுப் போகும், எல்லா உண்ணியிடமும் இருக்காது, அண்ணியைக் கடித்ததிடம் இருந்தது. அந்தக் கிருமிக்கு உரிய மாத்திரை கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்தாலும் அசையாது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை... டாக்டர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். போதும் தாயே!

ஐ.சி.யூ.வுக்கும் மாற்றவில்லை, மெஷினும் வைக்கவில்லை. மருந்து ஏறிய மறுநாளே காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் மூச்சு சீரானது. அண்ணி கஞ்சி கேட்டார். நான் காரிடாருக்கு வந்து, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து நின்று நன்றாக அழுதேன். கவலையில் வராத அழுகை எல்லாம் அந்தக் கஞ்சிக்கு வந்தது.

சாயங்காலம் பெண் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "புதர் பக்கம் எங்கயாவது போனீங்களாம்மா?" என்றார். அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு அவராகவே மூடிக்கொண்டார்.

"ஐயனார் கோயிலுக்குப் போனோம்மா" என்றார் அண்ணி.

எங்கள் குலதெய்வம் கோயில் கோடியக்கரைப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி, முள்ளும் புதருமான காட்டுக்குள் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வேன் வைத்துக்கொண்டு எல்லாரும் போவோம். கிடா வெட்டி, சமைத்து, படைத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முழுப் பகலும் ஆகிவிடும். பந்தல் உண்டு, மைக் செட் உண்டு, ஆண்களுக்கு பிளாஸ்டிக் சேர் உண்டு. பெண்களுக்கு ஒதுங்க ஒரு இடம்? கிடையாது. ஆண்கள் ரோட்டோரமாகவே திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் யார் கண்ணிலும் படாமல் காட்டுக்குள் ரொம்ப தூரம் போக வேண்டும். நான் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே சமாளித்தேன். அண்ணி அடுப்புக்கு முன்னால் நின்றவர், தண்ணீர் குடிக்காமல் எப்படி இருப்பார்?

"ஆளுங்க நடமாட்டம் இருந்துச்சா... அதனால நல்லா உள்ள தள்ளிப் போனேன். இடுப்பளவு புதரு" என்றார் அண்ணி. கூச்சமில்லாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். முகம் மாறியது. ஆக்சிஜன் குழாயைக் கையால் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா... நான் தனியா போகலை. துணைக்குத் தனம் வந்தா."

தனம் எங்கள் சித்தப்பாவின் மருமகள். சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி.

டாக்டர் எழுந்துவிட்டார். "உடனே கேளுங்க" என்றார்.

அண்ணன் போனை எடுத்து சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். "சித்தப்பா, நம்ம வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா? தனத்துக்கு ஏதாவது...?"

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா" என்றது சித்தப்பாவின் குரல், திடமாக. "தனத்துக்கு என்ன, நல்லா இருக்கா. ஐயனார் எங்களை ஒரு குறையும் இல்லாம வச்சிருக்காரு."

அண்ணனுக்குப் பெருமூச்சு வந்தது. எனக்கும்தான். "சரிங்க சித்தப்பா, அப்ப வச்சிடட்டுமா..."

"போனை இப்படிக் குடுங்க" என்றார் அண்ணி.

படுக்கையிலிருந்து கையை நீட்டினார். அண்ணன் கொடுத்தார்.

"மாமா, தனத்துக்கிட்ட குடுங்க."

"அவ உள்ள வேலையா இருக்காம்மா. நீ ரெஸ்ட் எடு, அப்புறமா..."

"தனத்துக்கிட்ட குடுங்க மாமா."

அண்ணி பெரியவர்களிடம் ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா தனத்தைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு கொலுசுச் சத்தம், குழந்தை சிணுங்கும் சத்தம், "அக்கா..." என்று ஒரு மெல்லிய குரல்.

அண்ணி போனை அண்ணனிடம் நீட்டி, "ஸ்பீக்கரை அணைச்சுட்டுக் குடுங்க" என்றார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எங்களுக்குக் கேட்டதெல்லாம் அண்ணியின் குரல் மட்டும்தான்.

"பக்கத்துல யாரு? ... கொல்லைப் பக்கம் போ. குழந்தையை அவங்ககிட்ட குடுத்துட்டுப் போ... போயிட்டியா? ம்... காய்ச்சல் இருக்கா?"

காத்திருந்தார்.

"எப்போலேர்ந்து? ... ஏன்டி சொல்லலை? ... சரி சரி, அழாத. தனம், உடம்புல எங்கயாவது கறுப்பா... ம்... எங்க?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்... புள்ளைக்குப் பால் குடுக்கறதால வந்த புண்ணுன்னு நீயா நெனச்சுக்கிட்டியா... வலி இல்லல்ல? ... அதேதான். அதேதான்டி. ... இதுல என்ன அசிங்கம்? எனக்கு எங்க இருந்துச்சு தெரியுமா?"

அண்ணி சொன்னார். அண்ணனும் டாக்டரும் நானும் நிற்கும்போதே, தெளிவாக, வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்தப்பாவே தனத்தை அழைத்துக்கொண்டு வந்தார். குழந்தையை அவர்தான் தோளில் போட்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெண் டாக்டர் தனத்தைத் திரைக்குள் கூட்டிப்போனார், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து மருந்து எழுதினார். தனத்துக்கு அட்மிஷன்கூடத் தேவைப்படவில்லை. நடந்து வந்தாள், மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்தே போனாள். இன்னும் நாலைந்து நாள் பேசாமல் இருந்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். அவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இப்போதும் அதிர்ச்சி தீரவில்லை. பூச்சியை நினைத்து இல்லை. பூச்சி என்ன செய்யும், அதற்குத் தெரிந்தது கடிப்பது ஒன்றுதான். ஒரு வீட்டில் இத்தனை பேர், இத்தனை அன்பு, இத்தனை ஓட்டம்... ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த புண், அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னோம்!

உங்கள் வீட்டிலும் யாருக்காவது காய்ச்சல் வரும். டாக்டர் கேள்வி கேட்பார். அப்போது தயவுசெய்து... கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.